மலையில் ஒரு சேமிப்புக் கிளஸ்டர்: எத்தனை நகல், எவ்வளவு இடம்? நீலகிரிக்கான முழு வழிகாட்டி

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்களோ, பள்ளியின் பதிவேடுகளோ, காட்டு கேமராக்களின் படங்களோ சில வருடங்களில் இருபது, முப்பது டெராபைட்டைத் தொட்டுவிடும். ஒரே சர்வரில் வைத்திருந்தால் அது படுத்த அன்று எல்லாம் படுக்கும். அதனால் நாலைந்து சர்வர்களைக் கோத்து ஒரே சேமிப்பாக ஓட்டுகிறோம், இதுதான் கிளஸ்டர். அதற்குப் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் செஃப். இங்கே வரும் எண்கள் செஃப்பின் இயல்பு அமைப்புகளை ஒட்டியவை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு முறை இதுதான்.

எத்தனை நகல் வைப்பது என்று யோசிப்பவர்கள் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுவது என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. காலி இடமும் பாதுகாப்பில் ஒரு பங்கு. ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த நகல்களை மற்ற சர்வர்களில் புதிதாக உருவாக்க இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் புது டிஸ்க் வரும்வரை கிளஸ்டர் ஊனமாகவே நிற்கும். கோவையில் அது ஒரு நாள் வேலை. இங்கே நவம்பர் மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து, குஞ்சப்பனை வழியும் அடைபட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே மலையில் காலி இடத்தைச் சமவெளியைவிடக் கூடுதலாக விட வேண்டும்.

படி 1: தரவை இரண்டாகப் பிரியுங்கள்

அடிக்கடி எழுதி மாற்றப்படுவது ஒரு பக்கம்: மெய்நிகர் கணினிகள், டேட்டாபேஸ், கணக்கு மென்பொருள். ஒருமுறை எழுதிவிட்டு எப்போதாவது படிப்பது இன்னொரு பக்கம்: எக்ஸ்ரே, வீடியோ, ஸ்கேன் செய்த ஆவணம், பழைய பேக்கப். இரண்டுக்கும் தனித்தனி பூல், அதாவது கிளஸ்டருக்குள் தனி விதிகளோடு பிரித்த சேமிப்புப் பகுதி. எத்தனை டெராபைட், மாதம் எவ்வளவு கூடுகிறது, ஒரு கோப்பின் சராசரி அளவு என்ன என்று எழுதி வையுங்கள். கோப்பின் அளவு ஏன் முக்கியம் என்பது படி 3-இல் வரும்.

டிஸ்க் பெட்டியில் 8 டெராபைட் என்று போட்டிருப்பது ஆயிரத்தின் மடங்குக் கணக்கு. கணினி 1024-இன் மடங்கில் காட்டும்போது அது 7.28 ஆகத் தெரியும். கணக்குத் தாளில் இரண்டையும் கலந்தால் நூறு டெராபைட்டுக்கு ஒன்பது டெராபைட் காணாமல் போகும். இந்தக் கட்டுரை முழுக்கப் பெட்டியில் போட்டிருக்கும் அளவுதான்.

படி 2: எவை எவை சேர்ந்து சாகும்?

மூன்று நகல் இருந்தும் மூன்றும் ஒரே யூ.பி.எஸ்-ஸில் தொங்கினால், அந்த யூ.பி.எஸ் போகும்போது மூன்றும் ஒன்றாகப் போகும். தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள்: டிஸ்க், சர்வர், ஸ்விட்ச், யூ.பி.எஸ், அறை, கட்டடம், ஊர். ஒவ்வொன்றுக்கும் நேராக 'இது போனால் எத்தனை நகல் போகும்?' என்ற கேள்வி. செஃப்பில் எந்த நகல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கிரஷ் விதி இதைத்தான் கேட்கிறது. சிறிய கிளஸ்டருக்கு தோல்வி எல்லை, அதாவது ஒன்றில் ஒரே நகல் மட்டும் இருக்க வேண்டிய அலகு, சர்வராக இருக்க வேண்டும். டிஸ்க்கை எல்லையாக வைத்தால் இரண்டு நகல் ஒரே பெட்டிக்குள் விழலாம்.

மழையையும் இதே தாளில் சேருங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ-க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஆபத்து வடகிழக்குப் பருவமழையில். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தப் பருவத்தில்தான். உங்கள் ஊருக்கு எந்த மாதத்தில் சாலையும் மின்சாரமும் கண்ணாடி இழைக் கேபிளும் சேர்ந்து போகும் என்பது தெரிந்தால், டிஸ்க் சேர்ப்பு, பதிப்பு உயர்த்தல் போன்ற வேலைகளை பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளலாம்.

படி 3: நகலா, எரேஷர் கோடிங்கா?

நகல் முறையில் அதே தரவு மூன்று சர்வர்களில் முழுதாக இருக்கும். வாங்கிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உபயோகம். எரேஷர் கோடிங்கில் தரவை, உதாரணமாக, 4 துண்டாக வெட்டி, அவற்றிலிருந்து 2 சமன் துண்டுகளைக் கணக்கிட்டு, ஆறையும் ஆறு சர்வர்களில் வைப்பார்கள். எந்த நான்கு கிடைத்தாலும் முழுத் தரவும் மீளும். இது 4+2: தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை 'கே', சமன் துண்டுகளின் எண்ணிக்கை 'எம்'. உபயோகம் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று நகலைப் போலவே இதுவும் இரண்டு சர்வர் இழப்பைத் தாங்கும், இடம் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

அந்த லாபத்துக்கு விலை உண்டு. முதலாவது, சிறு மாற்றம். டேட்டாபேஸ் 4 கிலோபைட் எழுதினால் நகல் முறை அதை மூன்று இடத்தில் எழுதி முடித்துவிடும். எரேஷர் கோடிங் பழைய துண்டுகளைப் படித்து, சமன் துண்டைத் திரும்பக் கணக்கிட்டு, எழுத வேண்டும். மெய்நிகர் கணினிகள் மூச்சுத்திணறும். இரண்டாவது, சிறு கோப்பு. வழக்கமான அமைப்பில் 4+2 பூலில் ஒரு 4 கிலோபைட் கோப்பு நான்கு துண்டுகளையும் நிரப்பும்படி 16 கிலோபைட்டாக நீட்டப்பட்டு, சமன் துண்டோடு சேர்த்து 24 கிலோபைட் பிடிக்கும். மூன்று நகலில் அது 12-தான். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இடம் மிச்சமாவதற்குப் பதில் நட்டமாகும். மூன்றாவது, மீட்பு. நகல் முறையில் 5 டெராபைட்டை மீட்க 5 டெராபைட் படித்தால் போதும். 4+2-இல் 20 டெராபைட் படிக்க வேண்டும்.

ஆக, மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு மூன்று நகல். ஸ்கேன் படம், வீடியோ, பேக்கப்புக்கு எரேஷர் கோடிங். கோப்புகளின் பெயர், இடம் போன்ற விவரங்களை வைக்கும் மெட்டாடேட்டா பூலை எப்போதும் நகலிலேயே வையுங்கள்.

இரண்டு நகல் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். போதாது. ஒரு நகல் போனால் மிச்சம் ஒன்றே ஒன்று. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் படிக்க முடியாத பிழை 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். அதாவது 12.5 டெராபைட் படிப்பதற்குள் ஒன்று வரலாம். மீட்பின்போது அந்த ஒரே நகலை டெராபைட் கணக்கில் படிக்கிறோம். அதைவிட மோசமானது மின்வெட்டு: 'அ' சர்வர் அணைந்திருந்த நேரத்தில் 'ஆ' மட்டும் புதிய தரவை வாங்கிக்கொண்டு செத்துப்போனால், 'அ' எழுந்து வரும்போது அதனிடம் இருப்பது பழைய தரவு. மின்தடை அடிக்கடி வரும் ஊரில் இது கற்பனை அல்ல. நகல் எண்ணிக்கை 3, குறைந்தபட்சம் 2 (இத்தனை நகலாவது உயிரோடு இருந்தால்தான் பூல் இயங்கும்) என்ற இயல்பு அமைப்பை மாற்றாதீர்கள். 'எழுத முடியவில்லை' என்று பயனர் கத்தும்போது குறைந்தபட்சத்தை 1 ஆக்குகிறவர் தரவைப் பணயம் வைக்கிறார்.

படி 4: உண்மையான கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

செஃப்பில் மூன்று வரம்புகள் உண்டு. ஒரு டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை. 90 சதவீதத்தில் மீட்புத் தரவை அந்த டிஸ்க் ஏற்காது. 95 சதவீதத்தில் எழுதுவதே நிற்கும். கவனிக்க வேண்டியது, இது சராசரி அல்ல. ஒரே ஒரு டிஸ்க் 95-ஐத் தொட்டாலும் எழுதுவது நின்றுபோகும். டிஸ்க்குகள் ஒருபோதும் சமமாக நிரம்பாது என்பதால் திட்டமிடும்போது 80 சதவீதத்தை உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சூத்திரம் எளிது. மொத்த இடத்திலிருந்து மிகப் பெரிய ஒரு சர்வரின் இடத்தைக் கழியுங்கள். மிச்சத்தை 0.8-ஆல் பெருக்குங்கள். பிறகு உபயோகப் பங்கால் பெருக்குங்கள்: மூன்று நகலுக்கு மூன்றில் ஒன்று, 4+2-க்கு மூன்றில் இரண்டு.

ஒரு சர்வருக்கு 8 டெராபைட் டிஸ்க் நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சர்வர்களில் 160 டெராபைட். மூன்றால் வகுத்தால் 53 வருகிறதே என்று விற்பவர் சொல்வார். நம் கணக்கில் 128 × 0.8 ÷ 3, அதாவது 34 டெராபைட். இந்த 34-ஐத்தான் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும்.

எரேஷர் கோடிங்குக்கு இன்னொரு விதி: மொத்தத் துண்டுகள் சர்வர் எண்ணிக்கையைவிடக் குறைந்தது ஒன்று குறைவாக இருக்கட்டும். ஆறு சர்வரில் 4+2 வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் ஒன்று செத்தால் ஆறாவது துண்டை வைக்க ஏழாவது சர்வர் இல்லை. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஐந்து சர்வரில் 2+2 போட்டால் 51 டெராபைட், ஆறில் 3+2 போட்டால் 76.8, ஏழில் 4+2 போட்டால் 102.4. எம் 1 ஆக இருக்கும் 4+1 போன்ற அமைப்புகள் இரண்டு நகலைப் போலவே ஆபத்தானவை, தொடாதீர்கள்.

மூன்றே சர்வரில் மூன்று நகல் வைப்பவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களுக்கு மேலே சொன்ன சூத்திரம் பொருந்தாது. சர்வர் ஒன்று போனால் மூன்றாம் நகலை வைக்க இடமே இல்லை, திரும்பி வரும்வரை இரண்டோடு ஓடும். உண்மையான கண்ணி டிஸ்க்கில் இருக்கிறது. நான்கு டிஸ்க்கில் ஒன்று செத்தால் அதன் தரவு முழுவதும் அதே சர்வரின் மற்ற மூன்றில்தான் இறங்க வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டு சர்வர்களில் ஏற்கெனவே நகல் இருக்கிறது. 70 சதவீதம் நிரம்பிய நான்கு டிஸ்க்கின் தரவு மூன்றில் அடைந்தால் 93 சதவீதம். 90-இல் மீட்பு நின்றுவிடும். ஆகவே இந்த அமைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 96 டெராபைட் வாங்கினால் உபயோகம் சுமார் 19 டெராபைட். இதே பணத்துக்குப் பெரிய மூன்று பெட்டிகளைவிடச் சிறிய ஐந்து பெட்டிகள் வாங்குவது மேல். சர்வர் எண்ணிக்கை கூடக் கூட, ஒரு சர்வருக்காக ஒதுக்கும் காலி இடத்தின் பங்கு சுருங்கும்.

மீட்பு நேரத்தையும் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு சர்வர் 70 சதவீதம் நிரம்பிய நிலையில் செத்தால் 22.4 டெராபைட்டை மறுபடி உருவாக்க வேண்டும். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் மற்ற நான்கும் ஆளுக்கு வினாடிக்கு 110 மெகாபைட் வாங்கினால் 14 மணி நேரம், அதுவும் வேறு யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால். வேலை நேரத்தில் ஒன்றரை நாள் என்று வையுங்கள். அந்த நேரம் முழுக்க இரண்டாவது சர்வர் போகக் கூடாது. 10 கிகாபிட் ஸ்விட்ச் வாங்குவதும் பாதுகாப்புச் செலவுதான்.

படி 5: வாங்கும்போது

டிஸ்க் விவரத்தாளில் எஸ்.எம்.ஆர் (பதிவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் ரகம்) என்றிருந்தால் வேண்டாம். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சி.எம்.ஆர் மட்டும். எஸ்.எம்.ஆர் டிஸ்க் சாதாரண நாளில் சமாளிக்கும், மீட்பின்போது நத்தையாகிவிடும். எல்லா டிஸ்க்கையும் ஒரே தொகுதியில் வாங்காமல் இரண்டு கடைகளில், இரண்டு தயாரிப்புத் தேதிகளில் வாங்குங்கள். ஒரே தொகுதியில் குறை இருந்தால் ஒரே மாதத்தில் வரிசையாக விழும். எஸ்.எஸ்.டி வாங்கினால் மின்வெட்டுப் பாதுகாப்பு மின்தேக்கி உள்ள ரகம். மேசைக் கணினி எஸ்.எஸ்.டி எழுதும் ஒவ்வொன்றையும் உறுதிசெய்யும்போது வேகம் அதலபாதாளத்துக்குப் போகும்.

பத்து டிஸ்க்குக்கு ஒன்று, குறைந்தது இரண்டு உதிரி டிஸ்க்குகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கூடவே ஒரு பவர் சப்ளை, ஒரு ஸ்விட்ச், சில கேபிள். மலையில் இது ஆடம்பரம் இல்லை. நினைவகம் ஒரு டிஸ்க்குக்கு 4 ஜிகாபைட் என்பது இயல்பு இலக்கு. மீட்பின்போது அதற்கு மேலும் போகும், இரட்டிப்பாக வைத்தால் நிம்மதி.

படி 6: அறை, குளிர், ஈரம், மின்சாரம்

காற்று நிரம்பிய டிஸ்க்கில் தலை பறப்பதே உள்ளிருக்கும் காற்றின் மேல்தான். அதனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 3,048 மீட்டர் உயர வரம்பு தருகிறார்கள். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். உயரத்தால் டிஸ்க்குக்குப் பயமில்லை. ஆனால் உதகையின் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளும் காற்று குறைவாகவே வெப்பத்தை எடுத்துப்போகும். தரவு மையங்களுக்கான ஆஷ்ரே வழிகாட்டுதல்படி 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதி வெப்பநிலையில் 1 டிகிரி கழிக்க வேண்டும். 35 டிகிரி வரை தாங்கும் சர்வருக்கு உதகையில் 30 டிகிரிதான் வரம்பு. வெளியே குளிர்தானே என்று ஜன்னல் இல்லாத சிறு அறைக்குள் ஐந்து சர்வரை அடைத்தால் இந்த வரம்பு சுலபமாகத் தாண்டும்.

ஜனவரி உறைபனியில் பிரச்சினை தலைகீழ். பல டிஸ்க்குகளின் குறைந்தபட்ச இயக்க வெப்பநிலை 5 டிகிரி. இரவு முழுக்க அணைந்திருந்த சர்வரை அதிகாலையில் உடனே போடாதீர்கள், அறையைச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். ஜீப்பில் குளிரோடு வந்த டிஸ்க்கை உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையில் வைத்த பிறகே மாட்டுங்கள், இல்லையென்றால் பலகையில் நீர் கோக்கும். மூடுபனி நாளில் குளிர்ச்சிக்காக ஜன்னலைத் திறப்பதும் அதே கேடு. ஈரம் நீக்கும் கருவி வைத்து ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் பிடியுங்கள்.

காற்றடித்தால் கற்பூர மரம் மின்கம்பியில் விழும், அது இங்கே மழைக்காலத்து வழக்கம். சர்வர்களை இரண்டு யூ.பி.எஸ்-களில் பிரித்துத் தொங்கவிடுங்கள். லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குளிரில் குறையும். 10 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு குறைத்தே ஜெனரேட்டர் எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். கோடை மழையின் இடி ஒன்று இரு முனை ஸ்விட்ச்சையும் சேர்த்துப் பொசுக்கும். கண்ணாடி இழைதான்.

படி 7: அமைக்க வேண்டியவை

கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மென்பொருள் சேவையான மானிட்டர் மூன்று, மூன்று தனித்தனி சர்வர்களில். பெரும்பான்மை இருந்தால்தான் கிளஸ்டர் ஓடும், ஆகவே இரண்டு வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

ஒரு டிஸ்க் பதில் தராமல் 600 வினாடி போனால் செஃப் அதை வெளியேற்றி மீட்பைத் தொடங்கும். ஜெனரேட்டர் கிளம்பத் தாமதமாகும் இடத்தில் பத்து நிமிடம் போதாது. சும்மா அணைந்திருந்த சர்வருக்காக டெராபைட் கணக்கில் தரவு நகரத் தொடங்கும், அது திரும்பியதும் எல்லாம் மறுபடி நகரும். 1,800 வினாடி சரியாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் உண்மையான சாவையும் தாமதமாகவே கவனிக்கும்.

திட்டமிட்டு அணைக்கும்போது முதலில் பயனர் சேவைகளை நிறுத்தி, 'நோஅவுட்' கொடியை (பதில் தராத டிஸ்க்கை வெளியேற்றாதே என்ற உத்தரவு) ஏற்றிவிட்டு, பிறகு சர்வர்களை அணையுங்கள். வேலை முடிந்ததும் கொடியை இறக்க வேண்டும். இறக்க மறந்த கிளஸ்டர் அடுத்த டிஸ்க் சாகும்போது தன்னைச் சரிசெய்துகொள்ளாது.

மானிட்டர்களுக்கு இடையே கடிகாரம் 0.05 வினாடி விலகினாலே எச்சரிக்கை வரும். இணைய இணைப்பு இரண்டு நாள் போனால் ஒவ்வொரு சர்வரும் தன் போக்கில் விலகும். உள்ளேயே ஒரு சர்வரை நேர மூலமாக வைத்து மற்றவற்றை அதைப் பார்க்கச் செய்யுங்கள். எம்.டி.யு-வை (நெட்வொர்க்கில் ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 9000 வைப்பதானால் ஸ்விட்ச் உட்பட எல்லா இடத்திலும் வையுங்கள். ஓரிடத்தில் 1500 இருந்தால் சின்னச் செய்திகள் போகும், பெரிய அளவில் எழுதுவது தொங்கும், காரணம் புரியாமல் நாள் போகும். டிஸ்க்குகள் சமமாக நிரம்பும்படி தரவை நகர்த்தும் சமன்படுத்தியை 'அப்மேப்' முறையில் ஓடவிடுங்கள்.

படி 8: இரண்டு ஊரில் பரப்பலாமா?

உதகைக்கும் குன்னூருக்கும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் போய்வர ஒரு மில்லிவினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். தாமதம் பிரச்சினையே இல்லை. இணைப்பு அறுவதுதான் பிரச்சினை.

உதகை, குன்னூர், கோத்தகிரி மூன்றிலும் இரண்டிரண்டு சர்வர் வைத்து 4+2 போட்டால் ஓர் ஊர் போனாலும் 4 துண்டு மிஞ்சும், தரவு பிழைக்கும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். தரவு பிழைக்கும், சேவை பிழைக்காது. எரேஷர் பூலின் குறைந்தபட்சம் இயல்பாக கே-யைவிட ஒன்று கூட, அதாவது 5. நான்கு துண்டோடு படிக்கவும் எழுதவும் முடியாமல் பூல் நின்றுவிடும். ஊருக்கு மூன்று சர்வராக 5+4 வைத்தால் ஓர் ஊர் போனபின் ஆறு மிஞ்சும், ஓடும். உபயோகம் 55 சதவீதம். ஆனால் ஒவ்வொரு முறை படிக்கவும் எழுதவும் ஊர் தாண்டிய இணைப்பு வேண்டும்.

இரண்டே ஊர் என்றால் செஃப்பின் ஸ்ட்ரெட்ச் மோடு இருக்கிறது: ஊருக்கு இரண்டாக நான்கு நகல், தீர்ப்புச் சொல்ல கோவை போன்ற மூன்றாம் இடத்தில் ஒரு மானிட்டர். உபயோகம் கால் பங்கு. எரேஷர் பூல் வைக்க முடியாது.

எங்கள் தீர்ப்பு வேறு. கிளஸ்டரை ஒரே ஊரில் வைத்து, இன்னொரு ஊரில் சிறிய தனிக் கிளஸ்டரோ ஒரு சர்வரோ வைத்து, இரவில் பேக்கப் அனுப்புங்கள். இணைப்பு அறுந்தால் பேக்கப் தாமதமாகும், மருத்துவமனை நிற்காது. மேலும், எத்தனை நகல் இருந்தாலும் தவறி அழித்த கோப்பு எல்லா நகலிலும் அதே நொடியில் அழியும். தனிப் பேக்கப் இல்லாத கிளஸ்டரில் நோயாளியின் படத்தை வைக்கக் கூடாது.

படி 9: தரவு ஏற்றுமுன் கொன்று பாருங்கள்

சோதனைத் தரவால் 60 சதவீதம் நிரப்புங்கள். ஒரு டிஸ்க்கை உருவுங்கள். மீட்பு முடிய எவ்வளவு நேரம், எந்த டிஸ்க் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதுங்கள். அது முடிந்ததும் ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கி 40 நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு யூ.பி.எஸ்-ஐ அணையுங்கள். 'பேக்ஃபில் டூஃபுல்' (மீட்புத் தரவுக்கு இடமில்லை) என்று ஒரு வரி வந்தாலும் படி 4-இன் கணக்கு தப்பு. இந்த நாள் வீண் என்று நிர்வாகம் நினைக்கலாம், விடாதீர்கள்.

படி 10: ஓடும் கிளஸ்டரில் பார்க்க வேண்டியவை

மொத்த சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அதிகம் நிரம்பிய டிஸ்க்கைப் பாருங்கள். பூலில் இன்னும் எவ்வளவு எழுதலாம் என்று காட்டும் 'மேக்ஸ் அவைல்' அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதனால்தான் ஒரு டிஸ்க் ஏறினால் அந்த எண் சடாரென்று விழும். படி 4-இல் கிடைத்த எண்ணின் முக்கால் பங்கைத் தொட்டதும் புது சர்வருக்கு ஆர்டர் போடுங்கள். ஒப்புதல், கொள்முதல், மலையேற்றம் எல்லாம் சேர்ந்து மாதங்கள் போகும். சேர்க்கும்போது ஏறக்குறைய அதே அளவுள்ள சர்வரைச் சேருங்கள். இரட்டிப்புப் பெரிய ஒன்றைச் சேர்த்தால் சூத்திரத்தில் கழிக்க வேண்டிய 'மிகப் பெரிய சர்வர்' அதுவாகிவிடும், வாங்கிய இடத்தில் பாதி அதற்கே போகும்.

நகல்களை முழுதாகப் படித்து ஒப்பிடும் ஆழ்ந்த சரிபார்ப்பு வாரம் ஒருமுறை ஓடுவது இயல்பு. வேகம் குறைகிறது என்று அதை நிறுத்திவைக்காதீர்கள், இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். அது ஓடாவிட்டால் கெட்டுப்போன நகல் மீட்பின்போதுதான் தெரியவரும்.

அப்படியும் 95 தொட்டு எழுதுவது நின்றுவிட்டால் பதறி டிஸ்க்கை நீக்கவோ நகலை இரண்டாக்கவோ வேண்டாம். முழு வரம்பைத் தற்காலிகமாக 0.96 ஆக்கி, வேண்டாத ஸ்னாப்ஷாட், பழைய பேக்கப்புகளை அழியுங்கள். இடம் விடுபட நேரமாகும், பொறுங்கள். அலமாரியில் உள்ள உதிரி டிஸ்க்கைக் காலியான இடத்தில் மாட்டுங்கள். நிலை தெளிந்ததும் வரம்பை 0.95-க்கே இறக்குங்கள்.

எரேஷர் பூலின் கே, எம் எண்களைப் பின்னால் மாற்ற முடியாது. 3+2-இலிருந்து 4+2-க்குப் போக புதுப் பூல் உருவாக்கி, தரவை நகர்த்தி, பழையதை அழிக்க வேண்டும். நகரும் காலத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதால், ஏழாவது சர்வர் வந்த உடனே, அது காலியாக இருக்கும்போதே, இந்த வேலையை முடித்துவிடுங்கள்.